கைத்தீட்டு: ஒரு சொல் முன்மொழிவு

நண்பர்களுக்கு வணக்கம்.

யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவின் யாதயிம் ("கைகள்") பகுதியில் "கைகளைத் தீட்டாக்கும்" எழுத்துகள் என்று வருவதற்குத் தமிழில் "புனித நூல்" போதும் என்று போன மடலில் சொல்லியிருந்தீர்கள். போதாது. அசூரி எழுத்தில், அதாவது எபிரேயச் சதுர எழுத்தில், தோலில், மையால் எழுதினால்தான் அது கையைத் தீட்டாக்கும் (4:5). விவிலியத்தின் தானியேல் நூலில் அரமேய மொழியில் உள்ள பகுதியை எபிரேயத்தில் எழுதினால் அந்தத் தன்மை போய்விடும். ஆனால் எந்த மொழியில் இருந்தாலும் திருவெழுத்தைக் கெனிசாவில், அதாவது பழைய ஏடுகளை ஒதுக்கிவைக்கும் இடத்தில், சேர்த்துக் காக்க வேண்டும் என்கிறது மிஷ்னாவின் ஷப்பாத் பகுதி (16:1). இரண்டும் வேறு தகுதிகள். ஆகவே "கைத்தீட்டு" என்பது என் முன்மொழிவு.

--

ஐயா, "தீட்டு" என்றதும் நம் வாசகர் இழிவு என்றே கொள்வார். சாவுத் தீட்டு, மாதத் தீட்டு எல்லாம் நினைவுக்கு வரும். "தொடுவிலக்குச் சுருள்" எனலாமா?

--

அம்மா, தொடுவதற்கு இங்கே விலக்கில்லை. தொட்டால் கை மட்டும் இரண்டாம் நிலைத் தீட்டாகும், உடல் ஆகாது. அந்தக் கை பட்ட தெருமா, அதாவது ஆசாரியர் பங்கு உணவு, உண்ணத் தகாது. கால் லோக் நீரை, சுமார் ஒன்றரை முட்டை அளவு, பாத்திரத்திலிருந்து கையில் ஊற்றினால் தீர்ந்தது. இந்த விதி பிறந்ததே சுருளைக் காக்கத்தான். இதுவும் புனிதம் அதுவும் புனிதம் என்று தெருமாவைத் தோராச் சுருளோடு வைத்தார்கள். உணவுக்கு வந்த எலி தோலையும் கடித்தது என்பது இடைக்கால உரையாசிரியர் ராஷியின் விளக்கம்.

இழிவாகத் தொனிக்கிறதே என்ற உறுத்தல் மூலத்திலேயே உண்டு. திருவெழுத்து தீட்டாக்குமாம், கிரேக்கக் கவி ஹோமரின் நூல் ஆக்காதாம் என்று சதுசேயர் என்ற யூதப் பிரிவினர் பரிசேயரிடம் குறை சொன்னார்கள் (யாதயிம் 4:6). கழுதை எலும்பு தூய்மை, தலைமை ஆசாரியர் யோகனானின் எலும்பு தீட்டு, அருமைக்கேற்பத்தான் தீட்டு என்று விடை வந்தது. மொழிபெயர்ப்பு இந்த உறுத்தலை மழுப்பக் கூடாது.

"சுருள்" குறுகிவிடும். தெஃபிலினோடு, அதாவது வசனம் எழுதிய தோலை உள்ளே வைத்துத் தலையிலும் கையிலும் கட்டும் பெட்டியோடு, சேர்ந்த வாரும், ஏட்டின் மேல் கீழ் வெற்று ஓரமும் இதில் அடங்கும். அழிந்த ஏட்டில் 85 எழுத்து மிஞ்சினால் போதும். எண்ணாகமம் 10:35-36 அந்த அளவு (3:5). 84 என்றால் இல்லை.

தீட்டுதல் என்றால் எழுதுதலும்தானே! அச்சுப் புத்தகத்துக்கு இந்தத் தகுதி இல்லை என்பதால் அந்தப் பொருளும் கெடாது. தன்மைக்குக் "கைத்தீட்டு", பொருளுக்குக் "கைத்தீட்டேடு", தெஃபிலின் வாருக்குக் "கைத்தீட்டுடைய வார்" என்று கலைச்சொல் பட்டியலில் ஏற்றுகிறேன்.