நாலரை மணி நேரப் பினாங்கு

வழிகாட்டி நண்பர்களே, கப்பலில் வந்தவர்களைச் சுற்றிக் காட்டிய அனுபவங்களை ஆளாளுக்கு எழுதுகிறீர்கள். என் பங்குக்கு ஒன்று. நான் மலேசியாவின் பினாங்கில் உரிமம் பெற்ற சுற்றுலா வழிகாட்டி. பன்னிரண்டு வருடமாகச் சுவெட்டன்ஹாம் துறையில் இறங்குகிறவர்களைத்தான் அதிகம் அழைத்துப் போகிறேன்.

முதலில் ஒரு கணக்கு சொல்லிவிடுகிறேன். காலை எட்டு மணிக்குக் கப்பல் கட்டினால், ஆட்கள் இறங்கி வெளியே வருவதற்குள் ஒன்பது ஆகிவிடும். இரண்டு மணிக்குக் கப்பல் கிளம்புகிறது என்றால் ஒன்றரைக்குள் எல்லோரும் ஏறியிருக்க வேண்டும். ஆக, கையில் இருப்பது நாலரை மணி நேரம். இதில் பினாங்கு மலை, கெக் லோக் சி கோயில், கடற்கரை, கடைவீதி எல்லாம் வேண்டும் என்பார்கள். மலையடிவாரத்துக்கு வேனில் போகவே அரை மணி நேரம் ஓடிவிடும். அப்புறம் மலை ரயிலுக்கு வரிசை. விடுமுறை நாளில் அந்த வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும். மேலே போய்ப் பத்து நிமிடம் கீழே பார்த்துவிட்டு, இறங்க இன்னொரு வரிசை. எத்தனையோ பேர் பினாங்குக்கு வந்துவிட்டு வரிசையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். எனக்கு அது மனதே கேட்காது.

இத்தனைக்கும் துறைவாசலிலிருந்து பொடிநடையாகப் போனாலே ஊரின் முக்கால்வாசி வந்துவிடும். 1786-ல் பிரான்சிஸ் லைட் வந்து இறங்கிய இடத்தில் கார்ன்வாலிஸ் கோட்டை. அதன் பக்கத்தில் விக்டோரியா ராணி பட்டமேறி அறுபது ஆண்டு ஆனதற்காக எழுப்பிய 60 அடி மணிக்கூண்டு. போர்க்காலக் குண்டுவீச்சில் கொஞ்சம் சாய்ந்து இன்றும் அப்படியே நிற்கிறது. அங்கிருந்து சற்று நடந்தால் 1818-ல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். அதைக் கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள். நம் ஆட்களிடம் இதை நான் சொல்லாமல் விடுவதே இல்லை. பிறகு சீனர்களின் குவான் யின் கோயில், மகா மாரியம்மன் கோயில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். எல்லாம் ஒன்றையொட்டி ஒன்று.

நேரத்தைப் பற்றி இன்னொன்று. தாய்லாந்தின் பூக்கெட்டிலிருந்து வரும் கப்பல்களில் இருக்கிறவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்து மாற்றிக்கொள்ள வேண்டும். அவர்களுடைய நேரம் எங்களுக்கு ஒரு மணி நேரம் பின்னால். ஒரு முறை ஒரு தம்பதி பழைய நேரத்திலேயே இருந்துகொண்டு, படகுத்துறைக் குடியிருப்பில் சாவகாசமாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் ஓடிப்போய்க் கூட்டி வந்து ஏற்றும்போது எனக்கு நெஞ்சு அடித்த அடி அவர்களுக்குத் தெரியாது. அன்றிலிருந்து வேனில் ஏறியதுமே எல்லார் கையையும் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்துவிடுகிறேன்.

சரி, நான் சொல்ல வந்தது 2022 கடைசியில் வந்த ஒரு குடும்பத்தைப் பற்றி. சிங்கப்பூர்த் தமிழர்கள். மகன், மருமகள், இரண்டு பிள்ளைகள், அப்புறம் 75 வயது அம்மா. மகன் மலைக்குத்தான் கேட்டிருந்தார். சனிக்கிழமை வேறு. கிளம்புமுன் அடிவாரத்தில் இருந்த நண்பருக்கு அடித்துக் கேட்டேன். வரிசை வாசல் வரை வந்துவிட்டது என்றார். மகனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "இதுக்காகத்தானேண்ணே வந்தோம்" என்றார். பிள்ளைகளிடம் வேறு சொல்லி வைத்திருக்கிறார், பாவம்.

அதுவரை பேசாமல் இருந்த அம்மா, முன்சீட்டுப் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டார்: "தம்பி, சூலியா தெருவுல நாகூரார் தர்கா இன்னும் இருக்கா?"

"இருக்கும்மா. இங்கேருந்து பக்கம்தான்."

அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. மகன் திரும்பி, "என்னம்மா தர்கா? சொல்லவே இல்லையே" என்றார். அப்போதுதான் கதை வந்தது. 1954-ல், ஏழு வயதில், தாயோடு நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறியிருக்கிறார். அங்கே கப்பல் கரைக்கு வராது, கடலில் தள்ளி நிற்கும். படகில் போய்த்தான் ஏற வேண்டும். படகு ஆடிய ஆட்டத்தில் தாய் பயந்துபோய், நாகூர் ஆண்டவரே, பிள்ளையைக் கரைசேர்த்துக் கொடு, சர்க்கரை வைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டாராம். பினாங்கில் அப்பா வந்து இறக்கிக்கொண்டார். நாலு நாள் இங்கே தங்கிவிட்டுச் சிங்கப்பூர் போனார்கள். அந்த நாலு நாளில் ஒரு சாயங்காலம் அந்த தர்காவுக்குக் கூட்டிப்போனது மட்டும் அவருக்கு நினைவிருக்கிறது.

மகனுக்கு இது எதுவுமே தெரியாது. அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நடந்தே போலாமாண்ணே?" என்றார்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. ஒரு டிரைஷா, அதாவது சைக்கிள் ரிக்‌ஷா, பிடித்தோம். எங்கள் ஊர் டிரைஷாவில் ஆள் உட்காருவது முன்னால், மிதிப்பவர் பின்னால். அதனால் முன்னே எதுவும் மறைக்காது. அம்மா பேத்தியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்தபடியே வந்தார். நாங்கள் கூடவே நடந்தோம்.

சூலியா தெருவும் கிங் தெருவும் சந்திக்கிற முனையில் இருக்கிறது தர்கா. பெரிய கட்டடம் இல்லை. சுவரை ஒட்டிச் சின்னச் சின்னக் கடைகள். தெரியாதவர்கள் கவனிக்காமல் தாண்டிப் போய்விடுவார்கள். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு கைப்பையைத் திறந்து ஒரு கைக்குட்டை முடிச்சை எடுத்தார். உள்ளே காப்பிக்குக் கொடுக்கும் சர்க்கரைப் பொட்டலங்கள், கப்பலின் காலைச் சாப்பாட்டு மேசையில் எடுத்தவை. எண்ணிப் பார்த்தேன், ஒன்பது. மகன் மலைக்குக் கூட்டிப் போவார் என்று தெரிந்தும், இவர் அதை எடுத்து முடிந்து வைத்திருக்கிறார்.

உள்ளே இருந்த பெரியவர் ஒரு தட்டை நீட்டினார். அம்மாவுக்கு விரல் நடுக்கம். பொட்டலத்தின் ஓரத்தைக் கிழிக்க வரவில்லை. பேரன் வாங்கிப் பல்லால் கடித்துக் கிழித்துக் கொடுத்தான். ஒவ்வொன்றாகத் தட்டில் கொட்டினார். பெரியவர் அவசரப்படாமல் நின்று, பாத்தியா ஓதி, சர்க்கரையைக் காகிதத்தில் மடித்துத் திருப்பிக் கொடுத்தார். அங்கே இருந்தது மொத்தமாக இருபது நிமிடம் இருக்கும். பிறகு மாரியம்மன் கோயிலுக்கும் போனோம், மணிக்கூண்டு சாய்ந்திருப்பதைப் பிள்ளைகள் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்கள். பன்னிரண்டரைக்கெல்லாம் துறைக்கு வந்துவிட்டோம்.

கப்பலில் வருகிறவர்களை ஏற்றும்போது, குறிப்பாகக் கூட வரும் வயசானவர்களிடம், "உங்களுக்கு எங்கே போகணும்?" என்று தனியாக ஒரு வார்த்தை கேளுங்கள். பயணத்தைப் பதிவு செய்கிறவர்கள் அவர்களாக இருப்பதில்லை. நான் இப்போது கடிகாரம் பார்க்கும்போதே இதையும் கேட்டுவிடுகிறேன்.

துறையில் பைகளைச் சோதிக்கும் இடம் வரை போய் அவர்களை விட்டேன். காகித மடிப்பைப் பார்த்துவிட்டு அங்கே நின்ற மலாய்க்காரப் பையன் இது என்ன என்று கேட்டான். அம்மா பிரித்துக் காட்டி, சர்க்கரைக்கான மலாய்ச் சொல்லில் "குலா" என்றார். அவன் சிரித்துக்கொண்டு தலையாட்டினான். அம்மா மறுபடி பத்திரமாக மடித்துக்கொண்டு, மகன் கையைப் பிடித்தபடி உள்ளே போனார்.