மறு: பற்சக்கர எக்கியில் 'நழுவல்', கையேட்டுக்கு வேறு சொல் தேவை

அன்புடையீர்,

ஆய்வகக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பற்சக்கர எக்கிச் சோதனையில் (இரு பற்சக்கரங்கள் கவ்விச் சுழன்று எண்ணெயைத் தள்ளும் பம்பு) ஒரு சொல் இடிக்கிறது. மின்னோடியில் (மோட்டார்) நழுவல் உண்டு, அதாவது சுழலும் காந்தப்புலத்தைவிடச் சற்றுப் பின்தங்கிச் சுழல்வது. அதிலிருந்து எக்கிக்குப் போகும் பட்டையும் நழுவும். எக்கிக்குள் குறையும் எண்ணெய்க்கும் 'நழுவல்' என்றே எழுதியிருக்கிறோம். ஒரே சோதனை மேடையில் மூன்று நழுவல் இருந்தால் மாணவர் எதைக் கணக்கிடுவார்?

——

> முதலில் 'எக்கி'யை விட்டுவிட்டுச் 'சிவிறி' என்ற பழஞ்சொல்லை மீட்கலாமே

ஐயா, சிவிறி என்றால் நீரைப் பீய்ச்சும் கருவிதான் நினைவுக்கு வரும். வயிற்றை எக்குவது என்றால் உள்ளிழுப்பது. பற்கள் கவ்வல் விட்டுப் பிரியும் பக்கத்தில் இடம் விரிகிறது, எண்ணெய் உள்ளே வருகிறது. எக்கி என்பது எவ்வளவு பொருத்தம்! அதைத் தொட வேண்டாம்.

நழுவலுக்கு வருகிறேன். எண்ணெய் இரு சக்கரங்களுக்கும் நடுவே புகுந்து போவதாகத்தான் மாணவர் பலரும் முதலில் படம் போடுகிறார்கள். முகப்பில் கண்ணாடி வைத்த எக்கியை மெதுவாகச் சுழற்றி, ஒரு குமிழியைக் கண்ணால் தொடரச் சொல்லுங்கள். அது பல்லிடையில் அடைபட்டு, உறையின் உட்சுவரை ஒட்டிச் சுற்றிப்போய், மறுபக்கம் பற்கள் மீண்டும் கவ்வும் இடத்தில் வெளியேறும்.

இனி வெளியேற்ற வால்வைச் சிறிது சிறிதாக மூடுங்கள் (முழுதாக மூடக் கூடாது, அழுத்தம் ஏறிக்கொண்டே போகும், அழுத்தம் மிகும்போது திறந்துகொள்ளும் தணிப்பு வால்வு வேலை செய்யாவிட்டால் ஏதாவது உடையும். இதைக் கையேட்டில் தடித்த எழுத்தில் போடுங்கள்). அழுத்தமானி ஏறுகிறது. சேகரிப்புத் தொட்டியில் அதே மட்டத்துக்கு எண்ணெய் உயர, நிறுத்துகடிகாரத்தில் நேரம் கூடுகிறது. எக்கித் தண்டின் வேகத்தை அளந்து அதற்கேற்பக் கணக்கிட்டாலும் எண்ணெய் குறைகிறது. குறைந்தது எங்கே போயிற்று? பல் நுனிக்கும் உறைக்கும் இடையிலும், சக்கரப் பக்கத்துக்கும் மூடிக்கும் இடையிலும் உள்ள இடுக்கு வழியாக உறிஞ்சு பக்கத்துக்கே திரும்பிவிட்டது. எண்ணெய் சூடாகி இளகினால் இன்னும் கூடுதலாகத் திரும்பும். எதுவும் நழுவவில்லை, கசிந்திருக்கிறது. ஆகவே 'பின்கசிவு'.

——

பொருளில் உடன்படுகிறேன்; புணர்ச்சியில் இல்லை. பிற்பகல், பிற்காலம், பிற்சேர்க்கை போலப் 'பிற்கசிவு' என்றல்லவா வரவேண்டும்? அதைவிடப் 'பின்னொழுக்கு' நல்லது. தனிக்குறில் முன் ஒற்று இரட்டி, ஓசையும் இனிமையாக இருக்கிறது. பாத்திரம் ஒழுகுகிறது என்று எல்லோரும் சொல்கிறோமே.

——

பிற்பகலும் பிற்காலமும் காலம் சுட்டுபவை. இடத்துக்குப் பின்புறம், பின்பக்கம், பின்கட்டு என்று னகரம் அப்படியே நிற்கிறது. இங்கே எண்ணெய் திரும்புவது இடத்தால். ஒழுக்கு என்றதும் வகுப்பில் பாதிப் பேருக்கு ஒழுக்கம்தான் நினைவுக்கு வரும். சொல்லைக் கேட்டதும் இடுக்கு வழியாக எண்ணெய் ஊறுவது கண்ணில் தெரிய வேண்டும்.

——

பின்குறிப்பு காலம் சுட்டுவதுதானே, அங்கே ஏன் றகரம் இல்லை? விதி அவ்வளவு எளிதன்று. என் வாக்கு பின்னொழுக்குக்கே.

——

நன்றி. மறுமொழி எழுதியவர்களில் பெரும்பாலோர் 'பின்கசிவு' என்கிறார்கள், அதையே சேர்த்துவிட்டேன். பட்டைக்கும் மின்னோடிக்கும் 'நழுவல்' தொடர்கிறது. சொல்லடைவில் 'பின்னொழுக்கு, காண்க: பின்கசிவு' என்று ஒரு வரி இருக்கும்.