வேக உணரியா, சுழலுணரியா?

நண்பர்களே,

நம் அகராதிக்காக, வண்டியின் ஸ்பீடோமீட்டரைத் தமிழில் வேகமானி என்பதா, விரைவுமானி என்பதா, கதிமானி என்பதா என்று மூன்று நாளாகப் பேசியாயிற்று. ஆனால் முள்ளுக்குப் பின்னால் வேலை செய்யும் சென்சாருக்கு மட்டும் ‘வேக உணரி’ என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டு எல்லோரும் நகர்ந்துவிட்டீர்கள். எனக்கு மறுப்பு அங்கேதான். அந்தக் கருவி வேகத்தை உணர்வதே இல்லை.

அது என்ன செய்கிறது என்று பார்ப்போம். சக்கரத்தோடு ஒரு வளையம் சுற்றுகிறது. அதன் ஒவ்வொரு பல்லும் சென்சாரின் முனையைக் கடக்கும்போது ஒரு மின் துடிப்பு எழுகிறது. அவ்வளவுதான். சக்கரத்தின் சுற்றளவு 1.92 மீட்டர், வளையத்தில் 48 பல் என்று வைத்துக்கொண்டால், ஒரு துடிப்புக்கு வண்டி 4 செ.மீ. நகர்ந்திருக்கிறது. நொடிக்கு 500 துடிப்பு வந்தால் 20 மீட்டர், அதாவது மணிக்கு 72 கி.மீ. இந்தக் கணக்கைப் போடுவது கணினி. அந்த 1.92ஐ அது அளந்து பார்ப்பதும் இல்லை, அதில் முன்பே பதித்து வைத்த எண் அது. பெரிய டயர் மாட்டிச் சுற்றளவு 5 விழுக்காடு கூடினால், முன்பு 100 காட்டிய அதே உண்மை வேகத்தில் இப்போது 95 சொச்சம்தான் காட்டும். சென்சார் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. ஆனால் அதன் பெயர் ‘வேக உணரி’ என்றால் வண்டிக்காரர் முதலில் அதைத்தானே சந்தேகப்படுவார்?

ஆகவே என் முன்மொழிவு: சுழலுணரி. சக்கரத்தில் இருப்பது சக்கரச் சுழலுணரி, கியர்பெட்டியின் வெளியீட்டுத் தண்டில் இருப்பது தண்டுச் சுழலுணரி. கைபேசிக்குள் இருக்கும் ஜைரோ சென்சாரோடு குழம்பும் என்று ஒருவர் கேட்கக்கூடும். அது கருவி முழுதும் திரும்புவதை உணர்வது. இங்கே உணரி அசையாமல் இருக்க, எதிரில் இருப்பது சுழல்கிறது. ‘சக்கர’ என்ற முன்னொட்டு இருக்கும்வரை குழப்பம் வராது என்றே நினைக்கிறேன்.

‘அப்படிப் பார்த்தால் இன்றைய வேகமானியும் எதையும் அளப்பதில்லையே, அதை வேகங்காட்டி என்று மாற்றலாமே’ என்ற மடலையும் படித்தேன். உண்மைதான். 1902இல் ஒட்டோ ஷூல்ட்சே என்ற ஜெர்மானியர் காப்புரிமை பெற்ற பழைய வகையில் கேபிள் சுழன்று காந்தத்தைச் சுழற்றும், காந்தம் அலுமினியக் கிண்ணத்தை இழுக்கும், சுருள்வில் எதிர்த்துப் பிடிக்கும். முள் நிற்கும் இடமே அளவு. அது முழு மானி. இன்று டாஷ்போர்டில் இருப்பது கணினி சொன்ன இடத்துக்கு முள்ளைத் தள்ளும் சிறு மோட்டார். இருந்தாலும் வேகமானி என்ற சொல் வாயில் பழகிவிட்டது, அதை அசைக்க வேண்டாம். இலங்கைப் பாடநூல்களில் கதி என்பது ஸ்பீட், வேகம் என்பது திசையும் சேர்ந்த வெலாசிட்டி என்பதால் அங்கே கதிமானி இருக்கட்டும், இரண்டையும் அகராதியில் பக்கத்தில் பக்கத்தில் போடலாம். சென்சாரின் பெயர் இன்னும் உறையவில்லை, அதனால்தான் இப்போதே பிடிவாதம் பிடிக்கிறேன்.

இது வெறும் சொல் விளையாட்டு இல்லை. வண்டிக்காரர்கள் எழுதும் குறைகளைப் படித்தால் தெரியும், பெரும்பாலும் ‘ஸ்பீடோமீட்டர் போயிடுச்சு’ என்ற ஒரே வரிதான். அந்த ஒரு வரிக்குள் நாலைந்து வெவ்வேறு பழுதுகள் இருக்கின்றன. ஓடிக்கொண்டிருக்கும்போதே முள் சடாரென்று பூஜ்யத்துக்கு விழும், கிலோமீட்டர் எண்ணிக்கையும் நின்றுவிடும், தானியங்கி கியர் முரட்டுத்தனமாக மாறும். இது துடிப்பே வராத நிலை, வண்டிக் கணினியின் பழுதுக் குறியீட்டைப் படிக்கும் ஓபிடி கருவியில் பெரும்பாலும் பி0500 என்று வரும். துடிப்பு விட்டுவிட்டு வந்து முள் நடுங்கினால் பி0503. கிலோமீட்டர் ஒழுங்காக ஏறுகிறது, முள் மட்டும் ஒரே இடத்தில் சிக்கி நிற்கிறது என்றால் சென்சாரைத் தொடவே வேண்டாம், மீட்டருக்குள் இருக்கும் மோட்டாரைப் பார்க்க வேண்டும். என் வண்டியிலேயே இப்படி முள் விழுந்தபோது மீட்டரைக் கழற்றிப் புதிதாக மாட்டினார்கள், மறுநாளே மறுபடியும் விழுந்தது. கடைசியில் பார்த்தால் சக்கரத்தருகே வயர் உரசி அறுந்திருந்தது. குறை சொல்ல நம்மிடம் சரியான சொல் இல்லாததால்தான் பணம் இப்படிப் போகிறது என்று அன்றைக்குத் தோன்றியது.

இதற்கு வண்டிக்காரர்கள் வாயிலிருந்தே சொல் எடுக்கலாம்: முள்விழுதல், முள்நடுக்கம், முள்சிக்கல். காரணத்தின் பக்கத்துக்குத் துடிப்பறுதல் என்று வைக்கலாம். வயர் அறுந்தாலும், சாக்கெட்டில் பச்சை பூத்தாலும், காந்த முனையில் இரும்புத்தூள் அப்பிக்கொண்டாலும் நடப்பது அதுதானே. அப்புறம், கூடுதலாகக் காட்டுவதையெல்லாம் பழுது என்று எழுத வேண்டாம். ஐ.நா.வின் 39ஆம் எண் வாகன விதிமுறைப்படி மானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது, ஆனால் பத்தில் ஒரு பங்கோடு 4 கி.மீ. சேர்த்துக் கூட்டிக் காட்டலாம்; 100இல் போகும்போது 114 வரை. ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிட்டுப் பதறுகிறவர்களுக்கு இதற்கென்றே ஒரு சொல் வேண்டும். ‘கூட்டுக்காட்டல்’ என்று யோசித்தேன், கூட்டு என்றதும் வேறு பொருள் வருகிறது, ‘மிகைகாட்டல்’ தேவலை.

மிச்சம் இருப்பது சக்கரத்தோடு சுற்றும் அந்த வளையம். பல்வளையம் என்று ஒருவர் எழுதியிருந்தார், எனக்கும் முதலில் பிடித்தது. ஆனால் இப்போது பல வண்டிகளில் சக்கர பேரிங்கை மூடும் சீலிலேயே வட, தென் காந்த முனைகள் மாறி மாறிப் பதித்த வளையம் வருகிறது, அதில் பல்லே கிடையாது. பல்லோ முனையோ, உணரிக்கு அது ஒரு குறி. அதனால் குறிவளையம் என்கிறேன். வளையத்தில் ஒரு பல் உடைந்தாலோ விரிசல் விட்டாலோ, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு துடிப்பு தவறும், வண்டி நிற்கப்போகும் நேரத்தில் காரணமே இல்லாமல் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) உதறும். இதைக் ‘குறிவிடுபாடு’ என்று எழுதிப் பார்த்தேன், வாயில் நிற்கவில்லை. யாருக்காவது இதைவிட எளிதாக ஒன்று தோன்றினால் எழுதுங்கள், மற்ற சொற்களைப் பட்டியலில் ஏற்றிவிட்டு இதற்கு மட்டும் இடம் விட்டு வைக்கிறேன்.