ஸ்பைரோகிராஃப்: எத்தனை இதழ் வரும் என்று முன்பே சொல்ல முடியுமா?

கேள்வி: ஸ்பைரோகிராஃபில் (பல் சக்கரத்தின் துளையில் பேனாவைச் செருகி, வளையத்துக்குள் ஓட்டிப் பூ மாதிரி வடிவம் வரையும் கருவி) 96 பல் வளையத்துக்குள் 36 பல் சக்கரத்தை ஓட்டினால் எட்டு இதழோடு முடிந்துவிடுகிறது. 63 பல் சக்கரமோ சுற்றிக்கொண்டே போகிறது, பேனா மையே தீர்ந்துவிடும் போல! ஏன்?

பதில்: மீ.பொ.ம. (மீச்சிறு பொது மடங்கு) பாருங்கள். 96, 36 இரண்டுக்கும் 288. அதை 36-ஆல் வகுத்தால் 8 இதழ், 96-ஆல் வகுத்தால் 3 சுற்று. 63-க்கு 2016 வரும். அதாவது 32 இதழ், 21 சுற்று.

பதில்: 48 போட்டுப் பாருங்கள், வளையத்தில் சரிபாதி. இதழே வராது, வெறும் நீள்வட்டம்தான். பேனா செருகும் துளை சக்கரத்தின் விளிம்பை நெருங்க நெருங்க அது ஒடுங்கிக்கொண்டே போகும்.

பதில்: கணக்கெல்லாம் சரி. 21 சுற்றில் ஒரு பல் நழுவினால் போச்சு! பேனாவை நிமிர்த்திப் பிடித்து, சக்கரத்தை வளையத்தோடு லேசாக அணைத்தே ஓட்டுங்கள். அப்புறம், ஜெல் பேனா மட்டும் வேண்டாம். காயாத மையைச் சக்கரம் இழுவிவிடும்.