பினாங்கின் பாலிக் புலாவில் தனியாகத் தங்க அமைதியான அறை தேவை

வணக்கம். கோலாலம்பூரில் பணிபுரியும் நான், பினாங்கில் வார நாள்களில் மூன்று இரவுகள் தனியாக, அவசரமின்றித் தங்க ஓர் இடம் கிடைக்காமல் திண்டாடுகிறேன். சில மாதங்களாக, படுத்த பிறகும் அலுவலகப் பேச்சே காதுக்குள் ஒலிப்பதால் உறக்கம் பிடிப்பதில்லை. உடலில் குறையேதும் இல்லை என்று கூறிய மருத்துவர், ஓய்வை மட்டுமே பரிந்துரைத்தார்.

ஜார்ஜ்டவுனின் பழைய வட்டாரத்தில் தங்கிப் பார்த்தேன். சுவரோவியங்களைத் தேடி வருவோரின் கூட்டம் ஓயவில்லை. 833 மீட்டர் உயரமுள்ள கொடிமலையில் குளிர்ச்சி இருந்தது, ஆனால் மலை இரயிலுக்கான வரிசையிலேயே பொறுமை தீர்ந்துவிட்டது (அமைதியைத் தேடும் எல்லோரும் ஒரே பெட்டியில்தான் ஏறுகிறோம் போலும்). தெலுக் பஹாங் தேசியப் பூங்காவின் காட்டுப்பாதை மிகவும் பிடித்திருந்தது. எனினும் பந்தாய் கெராச்சுட் கடற்கரை வரையிலான ஏற்ற இறக்கத்தை என் முழங்கால் தாங்காது.

ஆகவே, வயலும் பழத்தோட்டமும் சூழ்ந்த பாலிக் புலாவைத் தேர்ந்தெடுத்து, டுரியான் பருவத்தின் நெரிசலைத் தவிர்க்கப் பயணத்தைச் செப்டம்பருக்குத் தள்ளியுள்ளேன். கார் ஓட்டத் தெரியாததால், பட்டர்வொர்த் வரை இரயில், பிறகு ஃபெரி, அதன்பின் பேருந்து என்பதே திட்டம். இணையத்தில் தென்படுபவை பெரும்பாலும் குடும்பங்களுக்கு முழு வீட்டையே வாடகைக்கு விடுபவை. தொலைபேசியில் அழைத்த இடங்களிலோ, பெண் தனியாகவா என்ற கேள்வியோடு பேச்சு நின்றது. ஓரிரவுக்கு 120 ரிங்கிட் வரை கொடுக்க இயலும். நான் சைவ உணவு மட்டுமே உண்பவள்.

பாலிக் புலாவ் பேருந்து நிலையத்திலிருந்து நடக்கும் தொலைவில், தனியாக வரும் பெண்ணுக்கு அறை தரும் அமைதியான விடுதி ஒன்றை, நீங்களே தங்கிப் பார்த்த அனுபவத்திலிருந்து பரிந்துரைக்க முடியுமா?