உதவி: சான்றில் 19.5, என் கையில் 12. மைலேஜ் எங்கே போகிறது?

திருவொற்றியூர்க்காரன்:
வணக்கம். ஒன்றரை வருடமான பெட்ரோல் ஹேட்ச்பேக், மேனுவல் கியர். வண்டிகளைச் சோதித்துச் சான்று தரும் ஏ.ஆர்.ஏ.ஐ. அமைப்பின் மைலேஜ் லிட்டருக்கு 19.5 கி.மீ. என்று சொல்லித்தான் விற்றார்கள். டேங்க் ஃபுல் செய்து ஓட்டி, அதே பங்கில் மறுபடி ஃபுல் செய்தேன்: 329 கி.மீ.க்கு 27.4 லிட்டர். அதாவது 12. தினமும் வீட்டிலிருந்து பாரிமுனை வரை சுமார் 10 கி.மீ., ஏசி போட்டபடி. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி வரிசையில் மாட்டினால் காசிமேட்டைத் தாண்டவே அரை மணி ஆகிறது. சர்வீஸில் கேட்டால் “ஓட்டுற விதம் சார்” என்று அனுப்பிவிடுகிறார்கள். வண்டியில் கோளாறா, அந்த 19.5-தான் பொய்யா?

ரோலர்மேடை:
பொய் இல்லை சார். ஆனால் அது உங்கள் ரோட்டில் எடுத்த கணக்கும் இல்லை. சோதனைக்கூடத்தில் வண்டி நகராது. சக்கரங்கள் உருளை மேல் சுற்றும். முதலில் தடத்தில் வண்டியை வேகமெடுத்து நியூட்ரலில் விட்டு, வேகம் எப்படிக் குறைகிறது என்று அளப்பார்கள். அதில் கிடைக்கும் காற்று, டயர் எதிர்ப்பைத்தான் உருளையில் ஏற்றுவார்கள். டிரைவர் முன்னால் திரையில் ஒரு வேகக்கோடு ஓடும். அதிகம் விலகாமல் அதைப் பிடித்தே ஓட்ட வேண்டும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்: மைலேஜுக்காக யாரும் பெட்ரோலை ஊற்றி அளப்பதில்லை. புகையைப் பையில் பிடித்து, அதிலுள்ள கார்பனை எண்ணி, எவ்வளவு எரிந்தது என்று கணக்குப் போடுவார்கள்.

இங்கே கார்களுக்கு வைத்திருக்கும் ஓட்டம் 1180 விநாடி, பத்தரை கி.மீ. சொச்சம், உச்ச வேகம் 90. ஏசி அணைந்திருக்கும். உங்கள் தினசரி தூரமும் கிட்டத்தட்ட அதேதான், இல்லையா? அவர்கள் இருபது நிமிடத்தில் முடிக்கிறார்கள். உங்களுக்கு எவ்வளவு ஆகிறது?

திருவொற்றியூர்க்காரன்:
நல்ல நாளிலேயே 50 நிமிடம்!

ரோலர்மேடை:
சராசரி 32 கி.மீ. வேகத்தில் எடுத்த எண்ணை 12 கி.மீ. வேகத்தில் எதிர்பார்க்க முடியாது. இரண்டு மாடலை ஒப்பிட்டு வாங்க அந்த எண் உதவும். மாதச் செலவுக்கு உங்கள் ஃபுல் டேங்க் கணக்கையே நம்புங்கள். இரண்டு தடவையும் பம்ப் தானாக நின்றதும் விட்டுவிட வேண்டும், ரவுண்டாக்கச் சொல்லக் கூடாது.

தண்டையார்பேட்டை ஒர்க்‌ஷாப்:
அண்ணே சொன்னது சரி. இருந்தாலும் 12 எனக்கு உறுத்துகிறது, 14 வர வேண்டிய வண்டி. பத்து கி.மீ. ஓட்டி நிறுத்தியதும் நாலு சக்கரத்தின் கிட்டேயும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். டிஸ்க்கைத் தொடாதீர்கள், சுட்டுவிடும். ஒரு பக்கம் மட்டும் அனலடித்தால் பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறது. டயர் காற்றையும் காலையில், வண்டி எடுக்குமுன் பாருங்கள்.

திருவொற்றியூர்க்காரன்:
பத்து நாள் கழித்து வருகிறேன். முன் இடது சக்கரம் கிட்டே கையே வைக்க முடியவில்லை. ஜாக்கி போட்டுச் சுற்றினால் அரைச் சுற்றில் நிற்கிறது. பிரேக் பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பர் நகர்வதற்கான பின் (pin) துருவேறி இறுகியிருந்தது. கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் வைத்தார்கள். டயரில் காற்று 33 psi இருக்க வேண்டிய இடத்தில் 24-தான் இருந்தது. இந்த டேங்க் 354 கி.மீ.க்கு 25.1 லிட்டர், 14.1 வருகிறது. அதே ரோடு, அதே லாரி வரிசை. இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி.

தண்டையார்பேட்டை ஒர்க்‌ஷாப்:
நம் பக்கம் கடல் காற்று, துரு சீக்கிரம் ஏறும். ஒவ்வொரு சர்வீஸிலும் அந்தப் பின்னைக் கழற்றிக் கிரீஸ் வைக்கச் சொல்லுங்கள், பக்கத்தில் நின்று பாருங்கள்.