இலவச வைஃபை வைத்தால் கூட்டம் வருமா?

நெட்டிலிங்கம்: கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு யோசனை. வைஃபையை இலவசமாகத் திறந்து விடுங்கள், கூட்டம் தானாக வரும். அமெரிக்கக் காபிக் கடை நிறுவனமான ஸ்டார்பக்ஸ் 2002-லேயே இலவச வைஃபை கொடுத்துத்தான் வளர்ந்தது. இங்கே சிலர் இன்னும் ரவுட்டரைப் பூட்டிவைத்துக் காவல் காக்கிறார்கள்.

கணக்குப்பிள்ளை: காலையிலேயே எரிச்சலைக் கிளப்பிவிட்டீர்கள். 2002-இல் அங்கே வைஃபை வந்தது, சரி. அது டி-மொபைல் என்ற தொலைபேசி நிறுவனம் நடத்திய கட்டணச் சேவை. 2008-இல் அதன் இடத்துக்கு ஏடி அண்ட் டி என்ற இன்னொரு தொலைபேசி நிறுவனம் வந்த பிறகும், ஸ்டார்பக்ஸ் கார்டு வைத்திருந்தவர்களுக்குத்தான் தினம் இரண்டு மணி நேரம் சும்மா கிடைத்தது. அமெரிக்கக் கடைகளில் எல்லோருக்கும் இலவசம் என்று ஆனது 2010 ஜூலை 1. எட்டு வருடத்தை முழுங்கிவிட்டு யோசனை சொல்ல வந்துவிட்டார்!

நெட்டிலிங்கம்: 2002-இல் வந்தது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அப்புறம் எதற்கு இவ்வளவு நீளம்?

கணக்குப்பிள்ளை: வந்தது. இலவசமாக வரவில்லை. 2010.

சிக்னல்_சித்தர்: வருடத்தை விடுங்கள் ஐயா. கடை நடத்துகிறவனைக் கேளுங்கள். ஒரே ஒரு பானத்தை வாங்கி வைத்துக்கொண்டு லேப்டாப்பைத் திறப்பவர் எழுந்திருப்பதில்லை, புதிதாக வருபவருக்கு நாற்காலி இல்லை. கூட்டம் இருக்கும், கல்லா நிறையாது. போதாததற்குப் பலர் பில் மெஷினையும் வந்தவர் போனையும் ஒரே நெட்வொர்க்கில் விடுகிறார்கள். விருந்தினருக்குத் தனி நெட்வொர்க் கொடுக்காமல் வைஃபை போர்டு மாட்டக் கூடாது.

நெட்டிலிங்கம்: நாற்காலி போதாவிட்டால் இன்னும் நான்கு வாங்கிப் போடுங்கள். ஸ்டார்பக்ஸ் 2002-இல் இப்படிப் புலம்பியிருந்தால் வளர்ந்திருக்குமா?

கணக்குப்பிள்ளை: மறுபடியும் 2002! காசு கட்டி உள்ளே வந்தவனை இலவசக் கூட்டம் என்று எப்படி ஐயா கணக்கு வைக்கிறீர்கள்? போன மாதம் மோடம் பற்றிய விவாதத்திலும் இதே பிடிவாதம்தான். அன்று கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை.

மொட்டைமாடி: இரண்டு பேரும் பாதுகாப்பைப் பேசவே இல்லை. சுவரில் பாஸ்வேர்டை எழுதி ஒட்டினால் பாதுகாப்பு ஆகிவிடாது. வைஃபையைப் பூட்டும் முறையான டபிள்யூபிஏ2-வில் எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்ட் என்றால், நீங்கள் இணையும் நொடியைப் பிடித்துவைத்தவன் உங்கள் தரவைப் பிரித்துப் பார்க்க முடியும். பாஸ்வேர்டே இல்லாவிட்டால் அவனுக்கு அந்தச் சிரமமும் இல்லை. ஃபயர்ஷீப் என்று ஒரு பிரவுசர் நீட்சி வந்தது நினைவிருக்கிறதா? திறந்த வைஃபையில் பக்கத்து மேசைக்காரர் கணக்கில் ஒரே கிளிக்கில் நுழைய முடிந்தது.

கணக்குப்பிள்ளை: நினைவில்லாமல் என்ன? அதுவும் 2010-தான். அன்று பெரிய தளங்கள் பலவும் உள்நுழைந்த பிறகு எச்டிடிபிஎஸ், அதாவது தரவைப் பூட்டி அனுப்பும் முறை, இல்லாமல் ஓடின, அதனால் அது பலித்தது. இன்று பெரும்பாலான தளங்கள் எச்டிடிபிஎஸ். பழைய பூச்சாண்டி காட்டாதீர்கள்.

மொட்டைமாடி: எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது எச்டிடிபிஎஸ் இருந்தாலும் பெரும்பாலும் தெரியும். அதே பெயரில் போலி வைஃபை வைத்து இழுப்பவனுக்கு என்ன பதில்?

வழிப்போக்கன்: நடுவில் ஒன்று. ஸ்டார்பக்ஸுக்கு முன்பே, 2010 ஜனவரியில், மெக்டொனால்ட்ஸ் தன் அமெரிக்கக் கடைகளில் இலவசமாக்கிவிட்டது. அதுவரை இரண்டு மணி நேரத்துக்கு 2.95 டாலர். கணக்குப்பிள்ளை இதை ஏன் மறைத்தார்?

கணக்குப்பிள்ளை: மறைத்தேனா? பேச்சு ஸ்டார்பக்ஸ் பற்றி. ஜனவரியோ ஜூலையோ, 2002 இல்லையே!

நெட்டிலிங்கம்: ஒரு வருடத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குபவரோடு வியாபாரம் பேச முடியாது.

வழிப்போக்கன்: யாராவது கடை வைஃபையில் திருட்டுப் பாட்டை ஏற்றினால் பொறுப்பு யாருக்கு? ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்துக்கே இது போய், 2016-இல் தீர்ப்பு வந்தது. ஜெர்மனியில் ஒலி, ஒளிச் சாதனக் கடை வைத்திருந்தவரின் வழக்கு. கடைக்காரர் நஷ்டஈடு தர வேண்டியதில்லை என்றார்கள்.

மொட்டைமாடி: பாஸ்வேர்ட் போடச் சொல்லி உத்தரவிடலாம் என்றும் சொன்னார்கள். அதைச் சௌகரியமாக விட்டுவிட்டீர்கள்.

கணக்குப்பிள்ளை: நீங்களும் பாதியை விட்டுவிட்டீர்கள். அடையாளத்தைச் சொன்ன பிறகுதான் பாஸ்வேர்ட் கிடைக்க வேண்டும் என்பது அதன் அடுத்த வரி.

சிக்னல்_சித்தர்: அடையாளம் என்று கேட்டு வாங்கிய போன் நம்பருக்கு அப்புறம் விளம்பரமாகக் கொட்டுவார்கள். அதைப் பற்றி யாராவது பேசுவீர்களா?

நெட்டிலிங்கம்: நாற்காலிக்கு அழுதவர் இப்போது நம்பருக்கு அழுகிறார்.

கணக்குப்பிள்ளை: அவரை விடுங்கள், என் கேள்விக்கு வாருங்கள். 2002-இல் இலவசம் என்று எங்கே படித்தீர்கள்? சுட்டி கொடுங்கள்.